சிட்டையும் பேரேடும்: வளர்ந்தபின் வேற்றுமொழிச் சொல் மூளையில் ஏறும் விதம்

நாற்பத்தொரு வயதில் நான் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த செய்தி எப்படியோ குடும்பத்துக்குள் பரவிவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே கேட்டார்: "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாப்பா?" எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை என்று சொல்வதற்குள் எதிர் வரிசையிலிருந்து சித்தி சேர்ந்துகொண்டார்: "சின்னப் பிள்ளைங்க மூளை ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சும். நமக்கெல்லாம் காய்ஞ்சு போச்சு."

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் பெரியப்பா போனை என்னிடம் நீட்டினார். "கண்ணாடி எடுத்துட்டு வரலை. ஓடிபி வந்திருக்கா பாரு."

ஓடிபி என்ற சொல்லை அவர் அறுபது வயதுக்கு மேல்தான் கற்றிருக்க வேண்டும். யூபிஐ, லாக்டவுன், க்யூஆர் கோடு எல்லாமே அப்படித்தான். யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை, அவரும் நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. ஆனால் நாக்கில் தயாராக இருக்கிறது, பொருளும் சரியாகத் தெரிகிறது. காய்ந்துபோன ஸ்பாஞ்சில் இது எப்படி ஏறியது?

"இளமையில் கல்வி சிலையில் எழுத்து" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றி நிறையக் கதை கட்டிவிட்டோம். ஒரு வேற்றுமொழிச் சொல் வளர்ந்தவர் மூளைக்குள் நுழைந்து, தங்கி, தேவைப்படும்போது வெளியே வருவது வரை உள்ளே என்ன நடக்கிறது என்பதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். உதாரணங்களுக்கு ஜெர்மன். நான் தடுக்கி விழுந்த மொழி அதுதான்.

எந்தக் கதவு மூடுகிறது?

"மொழி கற்பது" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதுதான் முதல் குழப்பம். மூட்டையைப் பிரித்தால் உள்ளே குறைந்தது மூன்று சாமான்கள் இருக்கும்: உச்சரிப்பு, இலக்கணம், சொல்.

உச்சரிப்பில் வயது உண்மையிலேயே உதைக்கிறது. குழந்தை பிறந்த முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே அதன் காது தாய்மொழி ஒலிகளின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இலக்கணத்திலும் வயதுக்குப் பங்கு உண்டு. இணையத்தில் சுமார் 6.7 லட்சம் பேர் எழுதிய ஆங்கில இலக்கணத் தேர்வை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் ஏறக்குறைய 17 வயது வரை நன்றாக இருந்து, அதற்கப்புறம் இறங்குகிறது என்றது அது. அந்தக் கணக்கின் மேல் விவாதமும் நடந்துகொண்டிருக்கிறது.

சொற்களுக்கு இப்படி ஒரு கதவு கிடையாது. தாய்மொழியிலேயே நாம் வாழ்நாள் முழுக்கச் சொற்கள் சேர்த்துக்கொண்டே போகிறோம். வேகம் குறையலாம், மறதி கூடலாம், ஆனால் பூட்டு எதுவும் விழுவதில்லை.

நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற ஆங்கிலம் பேசுபவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1978இல் வெளியானது. ஆரம்ப மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பெரியவர்களும் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளும்தான். எல்லாத் தேர்விலும் கடைசியில் நின்றவர்கள், நாம் ஸ்பாஞ்சு என்று கொண்டாடும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்! ஆண்டு முடிவதற்குள் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர்களைத் தாண்டிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு நம்மைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது, நேரம். ஐந்து வயதுப் பிள்ளை தமிழ் பேசுகிறது என்றால், விழித்திருந்த நேரமெல்லாம் ஐந்து வருடம் தமிழைக் கேட்டிருக்கிறது. அதற்கு மின்கட்டணம் கட்டுகிற வேலை இல்லை. நாம் வாரத்துக்கு நான்கு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு மூளையைக் குறை சொல்கிறோம்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: வயது உச்சரிப்பை அதிகம் பாதிக்கிறது, இலக்கணத்தை ஓரளவு பாதிக்கிறது, சொல் சேர்க்கும் திறனை மூடிவிடுவதில்லை.

ஒரு சொல் எங்கே இருக்கிறது?

அகராதியில் சொல்லுக்கு ஒரு பக்கம் உண்டு. மூளையில் அப்படி ஒரு பக்கமோ ஓர் இழுப்பறையோ இல்லை. "எலுமிச்சை" என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ஒலி கேட்கிறது, மஞ்சள் நிறம் வருகிறது, வாய் லேசாக ஊறுகிறது. திருஷ்டி கழித்து வண்டிச் சக்கரத்தடியில் நசுங்கிய பழம் ஒன்றும் சிலருக்கு நினைவுக்கு வரும். ஒலி ஒரு பகுதியில், நிறம் இன்னொரு பகுதியில், வாய் அசைவு வேறொரு பகுதியில் என்று சிதறிக் கிடப்பவை ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. அந்தக் கூட்டு விழிப்பைத்தான் "சொல் தெரியும்" என்கிறோம்.

இவற்றை இணைப்பவை நரம்பணுக்கள். மூளையில் செய்தியைக் கடத்தும் உயிரணுவுக்குத்தான் நரம்பணு என்று பெயர். ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும் சின்னஞ்சிறு இடைவெளிச் சந்திப்பு சினாப்ஸ். இரண்டு நரம்பணுக்கள் அடிக்கடி சேர்ந்து இயங்கினால் நடுவில் இருக்கும் சினாப்ஸ் பலப்படுகிறது. புல்வெளியில் ஒற்றையடிப் பாதை உருவாவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் போட்ட பாதை இல்லை அது. நடக்க நடக்கப் புல் மடங்கித் தடம் விழுகிறது, நடக்காமல் விட்டால் புல் திரும்ப நிமிர்ந்துவிடுகிறது.

"எலுமிச்சை"யைச் சுற்றி நாற்பது வருடத் தடங்கள் இருக்கின்றன. அதன் ஜெர்மன் சொல்லான "ட்ஸிட்ரோன" முதல் நாள் வந்து நிற்கும்போது அதைச் சுற்றி ஒரு தடமும் இல்லை. வெறும் ஒலி. அந்த ஒலியையாவது முதலில் உள்ளே விட வேண்டும்.

வாசலில் நிற்கும் காது

பெரியப்பாவின் ஓடிபிக்குத் திரும்புவோம். ஆறு எண்களை நான் படித்துச் சொன்னேன். அவர் அதை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனில் தட்டினார். முணுமுணுப்பு நின்ற மறுகணம் எண் மறந்துவிட்டது. கேட்ட ஒலியைச் சில விநாடிகள் சுழற்றிச் சுழற்றித் தக்கவைக்கும் இந்த ஏற்பாட்டை ஒலிச்சுற்று என்று சொல்லலாம். புதுச் சொல் நுழையும் வாசல் இதுதான்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவாரசியமானது. இத்தாலியப் பெண் ஒருவருக்கு மூளைப் பாதிப்பால் ஒலிச்சுற்று மட்டும் பழுதாகியிருந்தது. பேச்சு, அறிவு எல்லாம் சரியாக இருந்தன. தெரிந்த இரண்டு இத்தாலியச் சொற்களை ஜோடியாக நினைவில் வைக்கச் சொன்னால் மற்றவர்களைப் போலவே வைத்தார். ஆனால் காதால் கேட்ட ரஷ்யச் சொற்களை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அவரால் கற்க முடியவில்லை. ஆய்வாளர்கள் இதை 1988இல் வெளியிட்டார்கள். தெரிந்த சொல்லுக்கு வேறு வழிகளும் உண்டு. முன்பின் தெரியாத ஒலிக்கோர்வை இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

வாசல் குறுகியது. பழக்கமில்லாத ஒலி என்றால் இன்னும் குறுகிவிடும். அதில் நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் சிக்கலைப் பெரிதாக்குகிறது. வகுப்பில் நான் ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். தோட்டத்துக்கு "கார்ட்டன்". இரண்டு பக்கம் தள்ளி, சீட்டுகள் அல்லது அட்டைகள் என்ற பொருளில் மறுபடியும் "கார்ட்டன்". ஜெர்மன்காரர் காதில் இரண்டும் வேறு வேறு சொற்கள். முதலாவதன் தொடக்கம் "கங்கை"யின் முதல் எழுத்தைப் போல அதிரும், இரண்டாவது "கண்"ணின் க. தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே க-வில் அடைத்துவிடுகிறது. பேச்சில் வேறுபாடு தெரிந்த எனக்கே, நோட்டில் இருந்த எழுத்து அதை மழுங்கடித்துவிட்டது. தேர்வில் "நாங்கள் சீட்டுக்கட்டுக்குத் தண்ணீர் ஊற்றினோம்" என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆகவே கண்ணுக்கு முன்னால் காது. சொல்லை எழுதுவதற்கு முன் சில முறை கேட்டு, சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிடுவது வாசலை அகலமாகத் திறந்துவைக்கிறது.

சிட்டையும் பேரேடும்

ஒலி உள்ளே வந்துவிட்டது. அப்புறம் நடப்பதுதான் முக்கியமான கட்டம்.

பழைய மளிகைக் கடைகளில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கும். பகலில் வியாபாரம் நடக்கும்போதே யார் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று அவசரமாகக் கிறுக்குவது சிட்டை. கடை சாத்திய பிறகு விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் அவரவர் கணக்கில் பெயர்த்து எழுதுவது பேரேடு. சிட்டை வேகமானது, ஆனால் நீண்ட நாளைக்கு ஆகாது. பேரேடு மெதுவானது, வருடக்கணக்கில் நிற்கும்.

மூளையிலும் இரண்டு புத்தகங்கள் உண்டு. சிட்டை வேலையைச் செய்வது ஹிப்போகாம்பஸ், காதுக்கு உள்பக்கமாக மூளையின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து கிடக்கும் பகுதி. அந்த வளைவைப் பார்த்துத்தான் கடற்குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். பேரேடு, மூளையின் மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாக இருக்கும் புறணி.

சிட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கை காட்டிவிட்டது. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, இரண்டு பக்க ஹிப்போகாம்பஸ்களிலும் ஒரு பெரிய பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புது நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் நினைவில் சேர்க்கும் திறன் ஏறக்குறையப் போய்விட்டது. தினமும் வரும் ஆய்வாளரிடம் தினமும் புதிதாக அறிமுகமாவார். அதே நேரம் அவருடைய பழைய ஆங்கிலச் சொற்கள் அப்படியே இருந்தன, சரளமாகப் பேசினார். 1953க்குப் பிறகு ஆங்கிலத்தில் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த சொற்களைக் காட்டியபோதோ பெரும்பாலானவை அவருக்குத் தெரியவில்லை. பழைய பேரேடு பத்திரமாக இருந்தது, அதில் புது வரி ஏற்றுவதற்குச் சிட்டைதான் இல்லை. 2008இல் அவர் இறக்கும் வரை உலகம் அவரை ஹெச். எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது.

நேராகப் பேரேட்டிலேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பேரேட்டில் ஒவ்வொரு கணக்கும் மற்றக் கணக்குகளோடு பின்னிக் கிடக்கிறது. அவசரத்தில் புதிதாக ஒன்றைத் திணித்தால் பழையவை கலங்கிவிடும். 1990களில் கணினி மாதிரிகளை வைத்து இதைச் சோதித்தவர்கள் கண்டதும் இதைத்தான்: புதியதை ஒரே மூச்சில் ஏற்றினால் பழையது அழிகிறது, பழையதோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் இரண்டும் பிழைக்கின்றன.

பெயர்த்து எழுதும் வேலையில் பெரும்பகுதி கடை சாத்திய பிறகு, அதாவது தூக்கத்தில் நடக்கிறது. இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். "கதீட்ரல்" என்பது பெரிய தேவாலயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அதைப் போலவே ஒலிக்கும் "கதீட்ரூக்" என்ற பொய்ச் சொல்லைப் பலருக்கும் பழக்கினார்கள். ஒரு சொல் பேரேட்டில் முறையாக ஏறிவிட்டால், அதே மாதிரித் தொடங்கும் பழைய சொல்லோடு அது முட்டிக்கொள்ளும், பழைய சொல்லை அடையாளம் காண ஒரு துளி கூடுதல் நேரம் பிடிக்கும். கற்ற உடனே சோதித்தால் இந்த முட்டல் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பகல் முழுக்க விழித்திருந்தவர்களிடமும் இல்லை. இடையில் இரவு தூங்கி எழுந்தவர்களிடம் இருந்தது. எல்லோருக்குமே புதுச் சொல் நினைவில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். சிட்டையில் எல்லோரும் எழுதியிருந்தார்கள், பேரேட்டில் ஏற்றியவர்கள் தூங்கியவர்கள்.

ஒரு பின்குறிப்பு. இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கக் கிளம்ப வேண்டாம். பகலில் சிட்டையில் எழுதாததை இரவில் பெயர்த்து எழுத ஒன்றும் இருக்காது.

இந்தச் சிட்டை வளர்ந்தபின்னும் வளைந்துகொடுக்கிறது என்பதற்கு ஸ்வீடனில் ஒரு சான்று. அந்நாட்டு ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக் கழகத்தில் இளைஞர்களுக்கு அரபு, ரஷ்யன், தாரி போன்ற மொழிகளை அடிப்படையிலிருந்து அசுர வேகத்தில் கற்பிப்பார்கள். பயிற்சிக்கு முன்பும் மூன்று மாதத்துக்குப் பிறகும் அவர்கள் மூளையை எம்ஆர்ஐ எடுத்து, வேறு பாடங்களை அதே அளவு கடுமையாகப் படித்த பல்கலைக்கழக மாணவர்களோடு ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வந்தது. மொழி கற்றவர்களின் ஹிப்போகாம்பஸ் பருமனிலும் புறணியின் மொழி தொடர்பான சில பகுதிகளின் தடிமனிலும் சிறு வளர்ச்சி. மூளை வீங்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்கு இல்லை, அளந்தால் தெரியும் அளவுக்கு.

சுருக்கிச் சொன்னால், ஹிப்போகாம்பஸ் வேகமாகக் குறித்துக்கொள்கிறது, புறணி மெதுவாக வாங்கிக்கொள்கிறது, நடுவில் நாட்களும் தூக்கமும் தேவைப்படுகின்றன. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருநூறு சொற்களை விழுங்குபவர் சிட்டையை நிரப்புகிறார், அவ்வளவுதான்.

தமிழ்ப் பந்தலில் ஏறும் கொடி

குழந்தைக்குக் கத்தி என்ற சொல்லும் புதிது, கத்தி என்ற பொருளும் புதிது. நமக்குக் கத்தி தெரியும், அதன் கூர் தெரியும், அது பட்ட விரலும் தெரியும். வேண்டியதெல்லாம் ஒரு புதுப் பெயர்ச்சீட்டு. வளர்ந்தவருக்கு இது பெரிய லாபம். ஆரம்பத்தில் "மெஸ்ஸர்" என்ற ஜெர்மன் சொல் கேட்டால் மூளை முதலில் "கத்தி" என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஓடி, அங்கிருந்து பொருளுக்குப் போகிறது. புழங்கப் புழங்க நேர்வழி ஒன்று விழுகிறது. மனதுக்குள் மொழிபெயர்த்துப் பேசுகிறோமே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. கொடி முதலில் பந்தலைப் பிடித்துத்தான் ஏறும்.

பந்தல் முழுசாக எப்போதும் போய்விடுவதும் இல்லை. நன்றாக ஆங்கிலம் தெரிந்த சீனர்களுக்கு ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாகக் காட்டிப் பொருள் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். சில ஜோடிகளின் சீன மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்து பொதுவாக வரும்படி ரகசியமாக அமைத்திருந்தார்கள். ரயிலும் பன்றி இறைச்சியும் அப்படி ஒரு ஜோடி. பங்கேற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, ஆனால் அவர்களுடைய மூளையின் மின் அலைகள் கவனித்துவிட்டன. ஆங்கிலத்தைப் படிக்கும்போதும் பின்னால் சீனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2007இல் வெளிவந்த ஆய்வு இது.

பந்தலின் வடிவத்துக்கு ஏற்பக் கொடியும் வளைந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். தமிழில் கடைக்கும் போகிறோம், காசிக்கும் போகிறோம். ஜெர்மனில் காலால் போனால் ஒரு வினை, வண்டியில் போனால் வேறு வினை. "நான் மியூனிக்குக்குப் போகிறேன்" என்பதை நடக்கும் வினையில் சொல்லிவிட்டு, ஆசிரியை "நடந்தா?" என்று கேட்டபோது விழித்திருக்கிறேன். எதிர்த்திசையிலும் இது உண்டு. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ஜெர்மன்காரருக்கு "ரைஸ்" என்ற ஒரே சொல்தான். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் அங்கே "ஒன்க்கல்". பெயர்ச்சீட்டை மாற்றுவது சுலபம். பெட்டியையே பிரித்து அடுக்குவதற்கு, அந்தச் சொல்லைப் பல வாக்கியங்களில் பல முறை சந்தித்தாக வேண்டும்.

பந்தலை வேண்டுமென்றே பயன்படுத்தும் உத்தி ஒன்றும் இருக்கிறது. "மெஸ்ஸர்" எனக்கு ஏறவே இல்லை. ஒருநாள், மெஸ்ஸில் மாஸ்டர் மலைபோல் வெங்காயம் நறுக்கும் காட்சியை அதில் மாட்டினேன். மெஸ், கத்தி. அப்புறம் மறக்கவில்லை. கடிகாரத்துக்கு ஜெர்மனில் ஏறக்குறைய "ஊர்" என்று ஒலிக்கும் சொல். ஊர் நடுவே மணிக்கூண்டு. காதைக் குறிக்கும் சொல் "ஓர்" போல ஒலிக்கும், தலையின் ஓரத்தில் இருப்பது அதுதானே. விளையாட்டுத்தனமாகத் தெரிந்தாலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்களைக் கற்பித்த 1975ஆம் ஆண்டு ஆய்வில், இந்த மாதிரி ஒலியும் படமும் கோத்துக் கற்றவர்கள் 72 சதவீதமும், தங்கள் போக்கில் கற்றவர்கள் 46 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள்.

மெஸ்ஸில் கத்தி கிடைக்கிறது. "பொறுப்பு", "ஆயினும்" போன்ற சொற்களுக்குப் படம் எங்கே போய்த் தேடுவது? அங்கே இந்த உத்தி நொண்டுகிறது. கட்டடம் எழும்பும் வரை நிற்கும் சாரம் என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

மறந்தால்தான் எடுக்க முடியும்

இனி, வகுப்புகளில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். "படிக்கும்போது எல்லாம் தெரியுது சார், கேட்டா வரலை." என் வகுப்பில் இருந்த நர்ஸிங் முடித்த பெண்கள் முதல் என்னைவிட மூத்த ஓர் இன்ஜினியர் வரை எல்லோரும் பாடிய பாட்டு இது.

ஆட்டோவின் பின் சீட்டில் பத்து முறை போன வீட்டுக்கு, பதினோராவது முறை வண்டியை நீங்களே ஓட்டிப் போய்ப் பாருங்கள். இரண்டாவது திருப்பத்திலேயே தடுமாறுவீர்கள். பார்த்த தெருதான், பழகிய மரம்தான். ஆனால் "இங்கே இடதா, வலதா" என்று நீங்கள் ஒருமுறைகூட முடிவெடுத்ததில்லை. சொல் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது பின் சீட்டுப் பயணம். பட்டியலை மூடிவிட்டு, கத்திக்கு என்ன சொல் என்று திணறி எடுப்பதுதான் ஓட்டுவது. இப்படி நினைவிலிருந்து இழுத்து எடுப்பதற்கு மீட்டெடுப்பு என்று பெயர்.

இதை அழகாக நிரூபித்த சோதனை 2008இல் வெளியானது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்கள். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லைச் சிலர் மேலும் மேலும் வாசித்தார்கள், ஆனால் அதில் மறுபடி தேர்வு கிடையாது. வேறு சிலருக்கு வாசிப்பை நிறுத்திவிட்டுத் தேர்வை மட்டும் தொடர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து, தொடர்ந்து தேர்வு எழுதியவர்களுக்கு ஏறக்குறைய 80 சதவீதச் சொற்கள் நினைவில் இருந்தன. வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 35 சதவீதம் போல. கற்று முடித்த அன்று எத்தனை நினைவிருக்கும் என்று கேட்டபோது எல்லாக் குழுவினரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் சொல்லியிருந்தார்கள். நமக்கு எது ஏறுகிறது என்பது நமக்கே தெரிவதில்லை என்பது எனக்கு அந்த 80ஐவிட வியப்பான செய்தி.

எப்போது மீட்டெடுப்பது என்பதும் முக்கியம். ஜெர்மன் அறிஞர் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, தானே அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் மணி நேரத்தில் செங்குத்தாக விழுகிறது, அப்புறம் சாய்வு குறைகிறது. அதனால் சூடு ஆறுவதற்குள் திரும்பச் சொன்னால் திணறல் இல்லை, பயனும் குறைவு. ஓரளவு மறந்த பிறகு எடுப்பதுதான் தடத்தை ஆழமாக்குகிறது. பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் குடும்பத்தையே இதில் இறக்கிவிட்டார். நான்கு பேர், ஆளுக்கு 300 வேற்றுமொழிச் சொற்கள், வருடக்கணக்கில் சோதனை. 14 நாளுக்கு ஒருமுறை வீதம் 26 தடவை படித்ததும், 56 நாளுக்கு ஒருமுறை வீதம் 13 தடவை படித்ததும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. இடைவெளியைக் கூட்டியதால் பாதி உழைப்பு மிச்சம்.

லைட்னர் என்ற இதழாளர் 1970களில் இதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடக்கினார். தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை நீண்ட இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். தெரியாத அட்டை முதல் அறைக்குத் திரும்பும். இன்று போனில் இருக்கும் ஃப்ளாஷ்கார்டு செயலிகள் பலவும் அந்தப் பெட்டியின் வாரிசுகள்.

"வரலை" என்று நினைக்கும் சொல்லும் முழுக்க வராமல் இருப்பதில்லை. அமெரிக்காவில் பிரெஞ்சு கற்கத் தொடங்கிய கல்லூரி மாணவர்களைச் சுமார் 14 மணி நேர வகுப்புக்குப் பிறகு சோதித்தார்கள். திரையில் வருவது பிரெஞ்சுச் சொல்லா, போலியா என்று கேட்டால் குருட்டாம்போக்கில்தான் பதில் சொன்னார்கள். அவர்களுடைய மூளை மின் அலையோ அசலையும் போலியையும் அதற்குள்ளேயே பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வாய்க்கு வருவதற்கு வெகு முன்னாலேயே உள்ளே வேலை ஆரம்பித்துவிடுகிறது.

இந்தப் பகுதியின் சாரம்: வாசிப்பதைவிட மீட்டெடுப்பது தடத்தைப் பலப்படுத்துகிறது, அதையும் சற்று மறந்த பிறகு செய்தால் கூடுதல் பலன்.

தரங்கம்பாடியில் ஒரு மாணவர்

இதில் எதையும் அறியாமல் இதையெல்லாம் செய்த ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். நான் ஜெர்மனோடு மல்லுக்கட்டியதற்கு நேர் எதிர்த்திசையில், ஜெர்மனியிலிருந்து தமிழுக்கு வந்தவர். கிறிஸ்தவ மதபோதகரான சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார், இறங்கிய மறுநாள் அவருக்கு 24 வயது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார்.

வளையாத வயதைப் பற்றிப் பெரியப்பா மறுபடி கேட்டால் சொல்வதற்கு இன்னொருவரும் கைவசம் இருக்கிறார். இத்தாலியரான வீரமாமுனிவர் இந்தியாவுக்கு வந்தபோது முப்பதை ஒட்டிய வயது. அவருடைய தமிழ் அகராதியான சதுரகராதி 1732இல் உருவானது. அப்போது அவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

சீகன்பால்கு தன் அன்றாட நடைமுறையை ஊருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். காலையில் முதல் வேலை, முன்பு கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. அதன் பிறகு நண்பகல் வரை, இதுவரை வாசிக்காத தமிழ் நூல்களை மட்டும் வாசிப்பது. அருகில் முதிய புலவர் ஒருவரும் ஓர் எழுத்தரும் உட்கார்ந்திருப்பார்கள், புதுச் சொல் வரும்போதெல்லாம் குறித்துக்கொள்வார்கள். நேற்றையதை மீட்டெடுத்துவிட்டு இன்றையதைச் சிட்டையில் ஏற்றுவது. தன் ஊரில் ஒரே சொல்லாக இருந்ததை நெல்லாகவும் அரிசியாகவும் சோறாகவும் அவர் அங்கேதான் பிரித்துக் கற்றிருக்க வேண்டும். பிற்பகலில் மறுபடி வாசிப்பு. இரவில் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று, யாரையாவது தமிழ் நூல் வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் தூக்கம்.